ஊசியின் ஆள்காட்டி விரல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதைப் போல ஓர் இம்சை கிடையாது என்று என் மச்சான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து வந்தால்தான் இம்சை யாருக்கு என்று தெரியும். பயிற்சி வண்டியில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. ஓட்டுகிற ஆள் தப்புச் செய்வதற்கு முன்பே அதை மிதித்து மிதித்துப் பழகிவிட்ட கால் இது. வேறு எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் தானாகவே தரையை மிதிக்கும்.

“மாமா, தரையில ஓட்டை விழுந்துடப்போகுது. காலைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்குங்க.”

“முன்னால லாரி போகுது, தெரியுதா?”

“அது எங்கயோ போகுது.”

“எங்க போனாலும் லாரி லாரிதான்.”

பின் சீட்டில் இருந்த என் நண்பன் ஊசி சிரித்தான். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவனிடமிருந்து வந்த முதல் சத்தம் அது. அதற்காகவே இன்னும் நாலு லாரி எதிரே வந்தால் தேவலை என்று நினைத்தேன்.

மச்சான், அதாவது என் மனைவியின் தம்பியை, நாங்கள் மெத்தை என்றுதான் கூப்பிடுவோம். மெத்தைக் கடை வைத்திருக்கிறான். எங்கே உட்காரவைத்தாலும் தூங்கியும் விடுவான். இரண்டில் எதனால் அந்தப் பெயர் வந்தது என்று அவனுக்கே மறந்துவிட்டது. என்னை மாஸ்டர் என்பார்கள். ஊசியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் ஒல்லியெல்லாம் இல்லை, என்னைவிடத் தொப்பை அதிகம். பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை, அதனால் ஊசி.

அந்த வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது. கைக்குழந்தையோ, வயதானவரோ, பல தடவை குத்தி நொந்துபோன கையோ, மற்றவர்கள் கைவிரித்துவிட்டால் ‘அவரைக் கூப்பிடுங்க’ என்பார்கள். வருவான். கண்ணை மூடிக்கொள்வான். இடது ஆள்காட்டி விரலின் நுனியால் முழங்கை மடிப்பை மெல்ல அழுத்திப் பார்ப்பான். அழுத்தினால் அமுங்கி, விட்டால் துள்ளுகிற இடம் ஒன்று உண்டாம். அதைக் கண் காட்டாது, விரல்தான் காட்டும் என்பான். வலது கை ஊசியைப் பிடிக்கிற வேலையைத்தான் செய்யும். தேடுவது எல்லாம் அந்த இடது விரல்.

போன குளிர்காலம் முடிந்த கையோடு அந்த விரல் போய்விட்டது. விரல் இருந்தது, உணர்ச்சிதான் போய்விட்டது. வீட்டில் கண்ணாடி ஜாடிக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜாடி உடைந்து மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. அறுந்த நரம்பை டாக்டர் தைத்தார். அது மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை மெல்ல மெல்ல வளர்ந்து போக வேண்டுமாம். போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம் என்றார். அதுவரைக்கும் ஊசியை டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் உட்காரவைத்தார்கள். பத்திரமான வேலைதான். சம்பளத்திலும் பெரிய குறையில்லை. ஆனால் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமலே திரும்பி வந்துவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமை இரண்டில் ஒன்று முடிவாக வேண்டும். கூடத்துக்குப் பொறுப்பான அம்மா, அவனுக்கு நல்லது நினைக்கிறவர்தான், தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் எதிரில் யாராவது ஒருவருக்கு ரத்தம் எடுத்துக் காட்டினால் பழைய நாற்காலி. இல்லையென்றால் ஜன்னல் வேலையை நிரந்தரமாக ஏற்றுக்கொண்டு ஒரு கையெழுத்து. அதற்கு முந்தின சனி, ஞாயிறுகளில் நாங்கள் வழக்கமாகப் போகிற மீன்பிடிப் பயணம் வந்து விழுந்தது. ஊசி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வருகிறேன் என்று அவனே போன் செய்தான்.

கிளம்பும்போது அவன் மனைவி என்னைக் கதவருகே தனியாக நிறுத்தினாள். சலவைக் கடை ஒன்றில் துணி வாங்கி வைக்கிற வேலை அவளுக்கு. கோட்டுப் பையில் எப்போதும் நாலைந்து பொத்தான்கள் கிடக்கும்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அங்க போய் மீன் கடிச்சா கடிக்கட்டும், கடிக்கலைன்னா போகட்டும். நீங்க எதுவும் பண்ணாதீங்க.”

“நான் என்ன பண்ணப்போறேன்?”

“உங்களால சும்மா இருக்க முடியாது. எனக்கு உங்கள முப்பது வயசுலேர்ந்து தெரியும்.”

நான் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அதைக் காப்பாற்றுவேன் என்றுதான் நினைத்தேன், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஏரி மலைகளுக்கு நடுவே, தார்ச் சாலை முடிந்து, மண் சாலையும் முடிந்த பிறகு வரும். கடைசிப் பெட்ரோல் பங்கில் குடிலின் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். குடில் என்றால் ஒரே அறை; நாலு மரக் கட்டில், ஓர் இரும்பு அடுப்பு, கால் ஆடுகிற மேசை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். கோடையில் இங்கே கூட்டம் இருக்கும் என்கிறார்கள். குளிர்காலத்தில் எங்களைப் போன்ற புத்தி கெட்டவர்கள்தான் வருவார்கள்.

நாங்கள் வருவது மீசைக் கெண்டைக்காக. நீளமான மீன், வாயோரத்தில் நாலு மீசை தொங்கும், தரையோடு தரையாக மேயும். கோடையில் அதைப் பிடிக்க ஒரு திறமையும் வேண்டாம், தூண்டில் கோலையே பிடுங்கிக்கொண்டு ஓடும். குளிர்காலத்தில் அதற்கு உடம்பு விறைத்துக் கிடக்கும். பசி இருக்காது. எதிரே வந்த இரையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாக ஒரு தடவை தலையை ஆட்டும். அவ்வளவுதான். கோலின் நுனி அசையாது. ரீலுக்கு மேலே நூலை எடுத்து ஆள்காட்டி விரலின் மேல் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஒரு ஆட்டத்தை விரல் நுனி பிடித்தால் உண்டு. எத்தனையோ குளிர்காலங்களாக எங்கள் மூன்று பேரில் அதைப் பிடித்தவன் பெரும்பாலும் ஊசி. பிடித்த மீனை மீசையைத் தடவிக்கொடுத்து மறுபடியும் தண்ணீரில் விட்டுவிடுவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தபோது ஊசி தானாகவே பேச்சை எடுத்தான்.

“நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? வீட்ல கண்ணைக் கட்டி, பொத்தானை விரலுக்கு அடியில வெச்சு, இது பெரிசா சின்னதா, ரெண்டு ஓட்டையா நாலு ஓட்டையான்னு கேக்கறா. நான் சொல்றேன். பாதி சரியா வருது. ஆனா சரியா சொல்ல ஆரம்பிச்சதும் அவ இருமறா.”

“இருமறாங்களா?” என்றான் மெத்தை.

“அவளுக்கே தெரியாது. சந்தோஷத்துல தொண்டை அடைக்குது போல. டாக்டர்கிட்ட போனா அவர் குரல் மாறுது. எங்க கூடத்து மேடம் டக்குனு பேனாவை மூடறாங்க. எல்லாரும் நல்லவங்கடா, அதான் பிரச்சினை. எனக்கு விரல்ல தெரியுதா, இல்ல இவங்க சத்தத்துலேர்ந்து தெரிஞ்சுக்கறேனா, ஒண்ணும் புரியல. சில நேரம் ஒண்ணுமே தொடாம சும்மா இருக்கும்போதும் விரல் துடிக்குது. அது பொய். எது பொய் எது நிஜம்னு தெரியாம ஒரு குழந்தை கையில எப்படிக் குத்தறது?”

மெத்தை அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினான். ஊசி தொடர்ந்தான்.

“மீனுக்கு என்னைத் தெரியாது. அது இருமாது. அதான் வந்தேன். நாளைக்கும் ஞாயிறு காலையிலயும் உக்காந்து பாக்கறேன். தெரிஞ்சா திங்கட்கிழமை ஊசியைப் பிடிக்கறேன். தெரியலைன்னா கையெழுத்துப் போட்டுட்டு, டோக்கன் கொடுத்துக்கிட்டு இருந்துடறேன். யாரும் எனக்காக அழ வேண்டாம்.”

சூப்புக் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மெத்தை விட்ட குறட்டை ஒரு காரணம்.

சனிக்கிழமை காலையில் ஏரியே காணவில்லை. பனி மூட்டம், தண்ணீருக்குள் நீளும் மரத்துறையின் கடைசிப் பலகையோடு உலகத்தை முடித்துவைத்திருந்தது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசைந்த உருண்டைகளை முள்ளில் குத்தி, ஈயக்குண்டோடு வெள்ளைக்குள் எறிந்தோம். ‘ளொடக்’ என்று சத்தம் கேட்டதால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று நம்பினோம். ஊசி நடுவில், நான் அவனுக்கு இடது பக்கம், மெத்தை வலது பக்கம். மெத்தை தன் கடையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த நுரைத் துண்டின் மேல் உட்கார்ந்து, போர்வையை இழுத்துப் போர்த்தி, கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுவிட்டான்.

ஊசி இடது கையின் உறையைக் கழற்றினான். தேநீர்க் கோப்பையில் அந்த விரலை ஒட்டிவைத்துச் சூடேற்றிக்கொண்டான். இது அவனுடைய பழைய வழக்கம். கோலைக் கவட்டைக் குச்சியில் சாய்த்துவைத்து, நூலை விரல் நுனியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

காலை முழுக்க ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை, மெத்தையின் தூண்டிலுக்கும் இல்லை. ஊசி கோப்பையில் விரலை வைப்பான், எடுப்பான், நூலைப் பிடிப்பான், கண்ணை மூடுவான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதிர்பார்ப்புக்கூட இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் பார்த்த அதே முகம். எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது.

நான் யோசித்தது இதுதான். லேசாக ஒரு தட்டு. ஊசி திடுக்கிட்டுக் கோலைத் தூக்குவான். மீன் இருக்காது. அடடா, தப்பிச்சிடுச்சே என்று நான் சொல்வேன். தப்பிப்போன மீனுக்கு யார் சாட்சி கேட்கப்போகிறார்கள்? அவன் விரலுக்கு உயிர் வந்துவிட்டது என்று நம்புவான். நம்பினால் திங்கட்கிழமை தைரியமாகப் போவான். போனால் எப்படியாவது செய்துவிடுவான். எனக்கு அந்த நேரத்தில் இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஓட்டத் தெரியாதவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடியில் நான் மிதித்துக் காப்பாற்றிவிட்டு, ‘நல்லா நிறுத்தினீங்க’ என்று பாராட்டுகிற ஆள் நான். பாதிப் பேர் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

என் கோலின் நுனியை மெல்லக் கொண்டுபோய் அவன் நூலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு தடவை தட்டினேன்.

ஊசியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

போதவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறுத்து ஓர் இழுப்பு, பலமாகவே இழுத்தேன். கல்லையே எழுப்புகிற இழுப்பு. ஊசி கண்ணை மூடியபடியே இருந்தான். இமைகூடத் துடிக்கவில்லை.

கோலை எடுத்துக்கொண்டேன். அதுவரை அவனுக்கும் எனக்கும் சந்தேகம்தான் இருந்தது. சந்தேகத்தில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் செத்துவிட்டது. உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான், அதுவும் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டவன்.

மத்தியானம் முட்டையைக் கருக்கினேன். மெத்தை ஏதோ சொல்ல, அவன் மேல் எரிந்து விழுந்தேன். விறகு எடுக்க அவன் வெளியே போனபோது பின்னாலேயே போய், கொட்டகைக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொன்னேன். அவன் கையில் கட்டையோடு நின்று கேட்டான்.

“வீட்ல அக்கா எப்பவும் சொல்றது சரிதான் மாமா. உங்களுக்குக் கால்ல மட்டும் இல்ல, கையிலயும் ஒரு பிரேக் இருக்கு.”

“உன் அக்கா புராணத்தை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப நான் என்ன பண்றது?”

“சொல்லிடுங்க.”

“என்னன்னு சொல்ல? உன் விரல் செத்துப்போச்சு, நான் சோதிச்சுப் பாத்துட்டேன்னா?”

அவன் இன்னொரு கட்டையை எடுத்து என் கையில் வைத்தான். இரண்டு பேரும் விறகைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம்.

வெளிச்சம் போவதற்குள் தூண்டில்களைச் சுருட்டிவிட்டோம். மெத்தை அடுப்பில் சூப்பை ஏற்றினான். ஊசி கோலைத் துடைத்து, துண்டு துண்டாகக் கழற்றி, உறைக்குள் போட ஆரம்பித்தான்.

“எதுக்குக் கழட்டற? நாளைக்குக் காலையில இருக்கே” என்றேன்.

“வேண்டாம்டா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “இன்னைக்கும் விரல் பொய் சொல்லுச்சு. நிஜமாவே ஏதோ நூல்ல நடக்கற மாதிரி காட்டுச்சு. ஒரு நிமிஷம் நம்பக்கூட செஞ்சேன். ஆனா மீன் அப்படிச் செய்யாது. எனக்குத் தெரியாதா? மீன் எப்படித் தலையை ஆட்டும்னு தெரியாம இருக்குமா எனக்கு? எல்லாம் நினைப்பு. ஆசையில விரலே கதை கட்டுது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்.”

அவன் சொன்னது என் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் எழுந்த வேகத்தில் மேசையை இடித்துக்கொண்டேன்.

“அது பொய் இல்லடா.”

“விடுடா.”

“அது நான். உன் நூலைத் தட்டினது நான்தான். மீன் மாதிரி இல்லைன்னா, நான் மீன் இல்லைங்கறதாலதான்.”

ஊசி என்னை நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

“நீயும் இரும ஆரம்பிச்சிட்டியா?”

“சத்தியமாடா. இவனைக் கேளு. மத்தியானமே இவன்கிட்ட சொல்லிட்டேன்.”

“சொன்னார்ணே,” என்றான் மெத்தை. “உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு சொல்லி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டார். நான் வேற திட்டினேன்.”

“நீங்க ரெண்டு பேரும் சேந்தா என்ன வேணா சொல்வீங்க.” ஊசி கோலைக் கீழே வைத்தான். இடது கையைத் தொடையின் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். “சரி. நான் என்ன தெரிஞ்சுதுன்னு இன்னும் உங்ககிட்ட சொல்லல. நீ சொல்லு. என்ன பண்ண? எப்படிப் பண்ண?”

பயிற்சிப் பள்ளியில் தேர்வுக்கு வருகிறவர்களைப் போல நிமிர்ந்து நின்றேன்.

“முதல்ல ரெண்டு தட்டு. லேசா. ஒண்ணு மேல ஒண்ணு.”

ஊசி என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்புறம் கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் ஓர் இழுப்பு. பலமா.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்டா.”

அவன் முகம் விழுந்துவிட்டது. அவனுக்குள் எழுந்து நின்ற ஏதோ ஒன்று மறுபடியும் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். “அப்ப இல்ல,” என்றான். “கடைசியில இன்னொண்ணு இருந்துச்சு. அது வேற மாதிரி. நீ சொல்றதுல அது இல்ல. பரவாயில்ல, விடு.”

என்னவாக இருக்கும்? நான் அந்த மரத்துறைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்து பார்த்தேன். தட்டினேன். இழுத்தேன். பயந்துபோய்க் கோலைப் பின்னுக்கு எடுத்தேன். எடுக்கும்போது.

“இரு, இரு. கோலை எடுக்கும்போது உன் நூல் என் கோல் நுனி வளையத்துல மாட்டிக்கிச்சு. நான் அதைக் கணக்குலயே எடுத்துக்கல. விடுவிக்கறதுக்காக அப்படியே பின்னால இழுத்தேன். சர்ருனு உரசிக்கிட்டே வந்துச்சு. நீளமா.”

ஊசி அந்த விரலைக் கட்டைவிரலால் தடவினான்.

“ரம்பம் அறுக்கற மாதிரி,” என்றான் மெல்ல.

“அதேதான்.”

“அதனாலதான் பொய்னு முடிவே பண்ணேன். எந்த மீன்டா ரம்பம் மாதிரி அறுக்கும்?”

அதற்கப்புறம் அவன் அழுதான். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. மெத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சூப்பை ரொம்ப நேரம் கிளறினான். அன்றைக்குச் சூப்பும் அடிப்பிடித்துவிட்டது.

அழுது முடித்ததும் ஊசிக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். மீனை நம்பி வந்தவனிடம் மீன் வேஷம் போட்டேன் என்று வாங்கு வாங்கென்று வாங்கினான். ஒரு நல்ல சோதனையைக் கெடுக்கப் பார்த்தாய், தற்செயலாக அதைவிட நல்ல சோதனையாகிவிட்டது, அதில் உனக்கு ஒரு பெருமையும் இல்லை என்றான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். யாரும் என்னை இவ்வளவு திட்டி நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

“கையை நீட்டு,” என்றான் திடீரென்று.

“எதுக்கு?”

“நீட்டுடா. ஊசி எதுவும் இல்ல.”

சட்டையைச் சுருட்டிவிட்டு நீட்டினேன். என் கையைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஒருமுறை வேறொரு இடத்தில் மூன்று பேர் மாறி மாறிக் குத்திப் பார்த்துத் தோற்று, கடைசியில் நான்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தாலும் பரிசோதனைப் பக்கமே நான் தலைவைத்துப் படுப்பதில்லை. ஊசி தன் கழுத்துத் துணியை என் புஜத்தில் இறுக்கிக் கட்டினான். விரலைத் தேநீர்க் கோப்பையில் வைத்து எடுத்தான். கண்ணை மூடினான். முழங்கை மடிப்பில் அழுத்தினான், நகர்த்தினான், அழுத்தினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருமல் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. மெத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

“முன்ன மாதிரி இல்ல,” என்றான் ஊசி. “ரொம்ப தூரத்துல யாரோ பேசற மாதிரி இருக்கு.” விரல் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்ந்து நின்றது. “ஆனா பேசுது. இதோ. இங்கதான் ஒளிஞ்சிருக்கு, திருட்டுப் பய.”

அது சரிதானா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எனக்கே என் ரத்தக்குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால்தான் என் கையை எடுத்தான் என்று பிறகுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி இல்லை. குளிர் மட்டும் காதை அறுத்தது. ஊசி கோலை மறுபடியும் மாட்டினான். என்னை மரத்துறைக்கே வரவிடவில்லை. கரையில் ஒரு பாறையைக் காட்டி, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான். மெத்தையைக் காவலுக்குப் போட்டான். மெத்தை பெரிய மனது பண்ணி நுரைத் துண்டை எனக்குக் கொடுத்தான்.

வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் ஊசி கோலைத் தூக்கினான். தடாலென்று இல்லை, நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது மாதிரி சாதாரணமாகத் தூக்கினான். கோல் வளைந்தது. நான் எழுந்தேன்.

“கை,” என்றான் மெத்தை.

“அடேய், மீன்டா.”

“கையைத் தொடைக்கு அடியில வைங்க மாமா.”

மீன் ஆழத்துக்கும் மேலுக்குமாக ஊசியை அலைக்கழித்தது. கடைசியில் பக்கத்தில் வந்து மேலே புரண்டது. பழுப்பும் மஞ்சளுமாக நல்ல நீளம். நாலு மீசையும் தெரிந்தன. மெத்தை காவலை விட்டுவிட்டுக் கை வலையோடு ஓடினான். அவன் ஓடிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. வலையை மீனுக்கு அடியில் விடுவதற்குப் பதில் மீன் தலையிலேயே போட்டான். முள் கழன்றது. வாலால் ஒரு தட்டுத் தட்டி எங்கள் மேல் தண்ணீரை இறைத்துவிட்டு மீன் போய்ச் சேர்ந்தது.

மெத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. ஊசி சொட்டச் சொட்ட நின்று சிரித்தான். எப்படியும் விடத்தானே போகிறோம், அதுவே போய்விட்டது என்றான். பிறகு விரலைத் தூக்கிக் காட்டினான்.

“ஒரு தடவைதான் தலையை ஆட்டுச்சு. வேண்டா வெறுப்பா.”

திரும்பி வரும்போது மெத்தைதான் ஓட்டினான். இறக்கத்தில் நான் தரையை மிதித்தேன். பின் சீட்டிலிருந்து ஊசி என் தோளைத் தட்டினான்.

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வெறும் வயித்தோட வந்துடு.”

“எங்க?”

“மேடம் யாராவது ஒருத்தருக்கு எடுத்துக் காட்டணும்னாங்க. ஆள் நீதான்.”

“டேய், எனக்கு ஊசின்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும். தண்டனைன்னா ஆகாததாத்தான் இருக்கணும்.”

மெத்தை சிரித்த சிரிப்பில் வண்டி ஓரம் போய்வந்தது. நான் மறுபடியும் மிதித்தேன்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவர், எஃகுத் தட்டு, பஞ்சு, ஸ்பிரிட் வாசனை. மேடம் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஊசியின் மனைவி நின்றிருந்தாள். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஏன் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்னை ஒரு முறை முறைத்தாள். மரத்துறையில் நடந்தது அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

ஊசி வெந்நீர்க் கோப்பையில் விரலை வைத்து எடுத்து, துடைத்து, கையுறையை மாட்டினான். என் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டினான். கண்ணை மூடினான். நானும் மூடிக்கொண்டேன், முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். விரல் என் முழங்கை மடிப்பில் இறங்கியது. அழுத்தியது. நகர்ந்தது. கொஞ்சம் வெளிப்பக்கம் போய் நின்றது. அதே இடம்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். காலடியில் பிரேக் இல்லை என்று தெரிந்தும் தரையை மிதித்துக்கொண்டேன். காத்திருந்து காத்திருந்து என்னால் முடியவில்லை.

“எப்படா குத்தப்போற?”

கதவுக்கு வெளியே இருமல் சத்தம் கேட்டது. ஒரு தடவை இல்லை, அடக்க முடியாமல் விடாது இருமினாள்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். ஊசி என் முழங்கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். தட்டில் மூன்று டியூப் நிரம்பியிருந்தது.

“மடக்கிப் பிடிச்சுக்கோ,” என்றான். “அடுத்த ஆளு வரணும்.”